காட்சிக்கு ஈடான ஓர் உயிர்

சிதறால் மலைப்பாறையிற் பார்சுவநாதர் திருவுருவைக் கண்டு கைகூப்புகின்றோம். கல்லின் விளிம்பும் வளைவும் மூளையில் வெவ்வேறு நரம்பணுக்களைத் தூண்டுகின்றன. அவற்றின் பின்னலாலேயே காட்சி ஓருருவாகிறது.

அப்பின்னலின் ஒழுங்கை அறிய, அமெரிக்காவின் ஆலன், பேலர், பிரின்ஸ்டன் ஆய்வாளர் ஒரு சுண்டெலிக்குத் திரைக்காட்சிகளைக் காட்டி நரம்பணுக்களின் துடிப்பைப் பதிந்தனர். பின்னர் அதன் மூளையின் பார்வைப் பகுதியில் ஒரு கன மில்லிமீட்டரை 25,000க்கும் மேற்பட்ட சீவல்களாக்கி, 50 கோடிக்கும் மிகுந்த இணைப்புகளைக் கண்டனர். ஒத்த காட்சிக்குத் துடிக்கும் அணுக்களே தம்முள் மிகுதியாக இணைகின்றன என்று 2025இல் அறிவித்தனர்.

அறிவு பெரிதே. ஆயினும் அச்சுண்டெலியும் நம்மைப் போன்ற ஐம்பொறி உயிர். இவ்வறிவின் பொருட்டு அது மாண்டது. இவ்வறிவால் நாளை கண்ணொளி பெறுவோர் இருப்பின் அவர்மீது குற்றமில்லை. அறிவை நாம் மறுப்பதால் போன உயிரும் மீளாது. ஆனால் பயன் பெரிதென்பதால் கொலை அறமாகிவிடாது.

நாம் செய்யக்கூடுவது யாது? அவ்வரைபடம் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அத்தரவுகளால் கணினி மாதிரியும் ஆக்கியுள்ளனர். முன்னர்ப் பெற்றதைக் கொண்டு அறியக்கூடியதற்கு மற்றோர் உயிரைக் கொல்லலாகாது. ஆய்வுக்கூடம் செல்லும் நம் இளைஞர் இதனை முதற்கேள்வியாக எழுப்புக.