பத்துப் பாத்திரம்

வீட்டுக்கார அம்மா கேட்கிறார்: "முனியம்மா, பத்துப் பாத்திரம் தேய்க்க வர்றியா?" முனியம்மா சொல்கிறாள்: "வர்றேம்மா. ஆனா பத்துதான் தேய்ப்பேன். பதினொண்ணாவதை நீங்க தேய்ச்சுக்கணும்."

பேப்பரோடு வந்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருந்தது இந்த ஜோக். படத்தில் சோபாவில் ஓர் அம்மா, எதிரே இடுப்பில் சேலையைச் செருகிய ஒரு பெண். எனக்குப் பத்து வயசு இருக்கும். ஆரணியில் எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அது என் வேலை. முதலில் தினத்தந்தி கன்னித்தீவு, சிந்துபாத் இன்றைக்கும் ஊர் போய்ச் சேரவில்லை என்று அப்பாவுக்குத் தகவல். அப்புறம் ஜோக்குகள்.

அப்பா குழித்தறியில் இருந்தார். பக்கத்தில் ஆயா தார் சுற்றிக்கொண்டிருந்தார். சொந்த ஆயா இல்லை, கூலிக்கு வருகிறவர். ஜோக்கைக் கேட்டு அப்பா சிரித்தார். ஆயா, "இதுல சிரிக்க இன்னாடா இருக்குது?" என்றார்.

நான் விளக்கினேன். பத்து என்றால் இங்கே எண் இல்லை ஆயா, பற்று, பாத்திரத்தில் ஒட்டியிருக்கிற சோறு. முனியம்மாவுக்கு அது புரியவில்லை, அதனால்தான் சிரிப்பு.

"அது எனக்குத் தெரியாதா? பாத்திரம் தேய்ச்சவதானே நானும். பத்துன்னு கூலி பேசிட்டுப் பதினொண்ணாப் போட்டா, அந்த ஒண்ணுக்கு யாருடா காசு குடுப்பா?"

அப்பா அதற்கப்புறம் சிரிக்கவில்லை. ஆயாவுக்குக் கூலி கொடுப்பவர் அவர்தான்.

ஜோக்கை விளக்கினால் செத்துப்போகும் என்பார்கள். இருபத்தைந்து வருஷமாக நான் யோசிப்பது, செத்துப்போவது எது என்பதைத்தான். எல்லா ஜோக்கும் விளக்கினால் சாவதில்லை. 'நூல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இழையும் நூல்தான், புத்தகமும் நூல்தான். நன்னூலின் பாயிரத்தில் இதை விரித்து ஒரு பாட்டே இருக்கிறது. சொல் பஞ்சு, புலவன் நூற்கிற பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் அடக்கினார். பாம்பும் குடத்துக்குள் போகிறது, எள்ளும் எண்ணெயாகிக் குடத்துக்குள் போகிறது. செக்கைப் பார்த்திராத எனக்கு அதை ஒருவர் விளக்கித்தான் சொன்னார். விளக்கியபின் இன்னும் பிடித்தது.

முனியம்மா ஜோக்கில் நடந்தது வேறு. அதில் இரண்டு பொருள் இருக்கிறது, ஆனால் ஒன்றுதான் சரி, மற்றது முட்டாளுடையது என்று அந்தக் கட்டமே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தது. நான் எழுதும் நிரல்களில் ஒரே இடத்தில் ஒரே பெயருக்கு இரண்டு அர்த்தம் வந்தால் கம்பைலர் பிழை என்று நிறுத்திவிடும். சிலேடை நிறுத்தாது, இரண்டையும் உள்ளே விடும். உள்ளே விட்டபின் யாரை எங்கே உட்காரவைக்கிறது என்பதுதான் கேள்வி. ஆயா செய்ததெல்லாம், அந்த இரண்டாவது அர்த்தத்தை எழுப்பி முதல் வரிசைக்குக் கொண்டுவந்ததுதான். (எங்கள் தெருவில் பத்துக்கு மூன்றாவது அர்த்தமும் உண்டு. நெசவாளி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பற்று வரவு நோட்டில் ஏறுமே, அந்தப் பத்து. அதை வைத்து யாரும் ஜோக் எழுதிப் பார்த்ததில்லை.)

நம் பத்திரிகை ஜோக்குகளில் ஆட்கள் மாறுவதே இல்லை. போருக்குப் பயப்படும் மன்னர், கத்தரிக்கோலை வயிற்றில் மறந்த டாக்டர், மாமியார், தலைவர், திருடன் கபாலி, வேலைக்காரி முனியம்மா. இதில் மன்னர் வந்து கோபப்பட வழியில்லை. டாக்டர்கள் படித்துவிட்டுச் சிரித்திருப்பார்கள். கபாலிகளும் முனியம்மாக்களும் நம் தெருவில் இருந்தார்கள். அந்தப் பெயருக்கு சினிமா தந்த அடியாள் வேஷத்துக்கு 2016இல் பா. ரஞ்சித் படத்தில் ரஜினி பதில் சொன்னபோது தியேட்டர் கத்தியது. எத்தனை நாள் பாக்கி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படியென்றால் புண்பட்டவர் சொல்வதுதான் கடைசி வார்த்தையா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. 1987 மார்ச்சில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, மற்றவர் ஒருவரைப் பிக்பாக்கெட்டுக்கும் இன்னொருவரைக் கொள்ளைக்காரனுக்கும் ஒப்பிட்டு அடையாளம் சொல்வார். சட்டமன்றம் புண்பட்டது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். மூன்று மாதக் கடுங்காவல் என்றார்கள். எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே விட்டுவிட்டார்கள். பின்னால் நீதிமன்றம் அவருக்கு 1000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

மந்திரிகள் கேட்டதும் ஆயா கேட்டதும் ஏறக்குறைய ஒரே கேள்விதான்: இதில் சிரிக்க என்ன இருக்கிறது? மேலே இருப்பவரைக் கிண்டல் செய்யலாம், கீழே இருப்பவரைக் கூடாது என்று சுலபமாக முடித்துவிடலாம். ஆனால் எங்கள் தறிக்கூடத்தில் அப்பா மேலேயா கீழேயா? முதலாளியின் நோட்டில் அவர் கீழே, ஆயாவின் கூலிக் கணக்கில் மேலே. எனக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம், சட்டமன்றத்துக்குச் சிறை இருந்தது, ஆயாவிடம் கேள்வி மட்டும் இருந்தது. அதுவும் அவர் கேட்டது பதினோராவது பாத்திரத்துக்குக் காசு யார் கொடுப்பார் என்றுதான். ஜோக்கை எழுதியவர் மன்னிப்புக் கேட்கணும் என்று சொல்லவே இல்லை.

பள்ளிக்கூட நாளில் நானும் ஒரு ஜோக் எழுதித் தபால் கார்டில் அனுப்பினேன். வேட்பாளர்: "உங்க தெருவுக்குத் தார் போடறேன்." நெசவாளி: "ரோடு கெடக்கட்டும், மொதல்ல என் நாடாவுக்குப் போடுங்க." பிரசுரமாகவில்லை. சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபிறகு டீ குடிக்கும்போது நண்பர்களிடம் சொன்னேன். தறியில் நாடா என்று ஒன்று உண்டு, அதற்குள் ஊடை நூல் சுற்றிய குச்சி இருக்கும், அதற்குப் பெயர் தார் என்று விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆரணியில் அதே ஜோக்குக்குத் தெருவே சிரித்தது. எந்த அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்தது, எதற்கு விளக்கம் வேண்டும் என்பதை யாரோ எங்கேயோ முன்பே முடிவு செய்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறும் படித்தேன். மறுபடி ஒரு முனியம்மா ஜோக் இருந்தது. ஆயா வருத்தப்படுவார் என்று அதை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் பக்கத்தைத் திருப்பினேன்.

ராட்டை நின்றது. "ஒண்ணைத் தாண்டிட்டியே," என்றார் ஆயா. "அதுல இன்னா எழுதிருந்துச்சு?"