எட்டு மணி நேரச் சத்தத்துக்குப் பிறகு

அண்ணனூர்வாசிகளுக்குச் சத்தம் புதிதல்ல. இந்தச் சென்னைப் புறநகர் வழியே போகும் அரக்கோணம் தடத்தில் லோக்கலும் எக்ஸ்பிரஸும் சரக்கு ரயிலும் இரவு பகலாக ஓடுகின்றன. பக்கத்திலேயே மின்சார ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் கார் ஷெட். ஒரு பக்கம் அடுத்த ஸ்டேஷன் ஆவடி, ராணுவத்துக்கு டாங்கி செய்யும் ஊர். மறுபக்கம் இரண்டு ஸ்டேஷன் தள்ளி அம்பத்தூர், அதன் தொழிற்பேட்டையான எஸ்டேட். அங்கே பவர் பிரஸ் ஓட்டும் அண்ணனூர் இளைஞர் ஒருவர், சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டுக் கறுப்பு டி-ஷர்ட் மாட்டிக்கொண்டு ஹெவி மெட்டல் கச்சேரிக்குக் கிளம்புகிறார். அம்மா கேட்கிறார்: “கம்பெனில கேக்குற சத்தம் பத்தலையாடா உனக்கு?”

நியாயமான கேள்வி. எட்டு மணி நேரம் இரும்புத் தகடு வெட்டுப்படும் சத்தத்தில் நின்றவர் ஓய்வு நேரத்தில் அமைதியைத்தானே தேட வேண்டும்? அதைவிடப் பெரிய சத்தத்தை, கையிலிருந்து காசு கொடுத்து, இரண்டு வண்டி மாறிப் போய்க் கேட்பானேன்?

இதற்கான பதிலின் ஒரு பாதி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் இருக்கிறது. டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் அங்கே ஒரு ஷீட் மெட்டல் ஆலையில் வெல்டராக வேலை பார்த்தான். இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போகப்போகிறோம் என்று வேலையை விட்டுவிட்டான். அன்று கடைசி நாள். பிரஸ் ஓட்டும் பெண் வராததால் அவனை அந்த மெஷினில் நிறுத்தினார்கள். மெஷின் இறங்கியது. வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவன் இடதுகைக்காரன், கிதார் தந்திகளை அழுத்துவதே அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி மறுபடி வாசிக்கப் பழகினான். பின்னாளில் விரலுக்கு இழுவை குறைய வேண்டும் என்று தந்திகளின் சுருதியையும் இறக்கினான். 1970 பிப்ரவரியில் வெளிவந்த அவனுடைய பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பத்திலிருந்துதான் ஹெவி மெட்டலின் வரலாற்றைப் பலரும் எழுதத் தொடங்குகிறார்கள். ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற மெட்டல் குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்டும் பக்கத்து ஊரான வால்சாலில் வளர்ந்தவர். பள்ளிக்கு அருகிலேயே உலோக ஆலைகள் இருந்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அம்பத்தூருக்கும் பர்மிங்காமுக்கும் பழைய உறவு உண்டு. 1949இல் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையைத் தொடங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், பர்மிங்காம் கம்பெனி. ஹெர்குலிஸ் என்ற சைக்கிள் பெயர் அந்த ஊருடையது. பி.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்தில் முதலெழுத்தே பர்மிங்காம்தான். அந்த ஊரின் சைக்கிளும் குழாயும் தொழில்முறையும் இங்கே வந்து சேர்ந்தன. விரல் நுனி இழந்தவர்களை எஸ்டேட்டின் டீக்கடைகளிலும் பார்க்கலாம். அந்தத் தொழிலுக்குள்ளிருந்து பிறந்த இசை மட்டும் வேறு வழியாக வந்தது.

பிரஸ் எழுப்பும் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. அது ஆளைக் கேட்காது. தகட்டை டையில் வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும். மறுபடி தகடு, மறுபடி கை. மெஷினின் கணக்குக்கு உடம்பு ஒத்துப்போக வேண்டும், ஒரு நொடி தவறினால் விரல். இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. காதில் வைக்க ஆரஞ்சு நிறப் பஞ்சு உருளை தருகிறார்கள். அதை இரண்டு விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறுகையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே செலுத்தினால், அது மெல்ல விரிந்து துளையை அடைக்கும். இடி குறையும், அதிர்வு குறையாது. அது பாதம் வழியாக ஏறுகிறது.

அண்ணனூர் இளைஞர் அதே உருளையைப் பையில் போட்டுக்கொண்டுதான் கச்சேரிக்கும் போகிறார். சென்ட்ரலில் இறங்கி, பஸ் மாறி, நகரத்தின் தென்கோடியில் ஒரு சின்ன இடம். இருநூறு பேர் இருந்தால் அதிகம். டிரம்மர் இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை மிதிக்கத் தொடங்குகிறார். பிரஸ் ஷாப்பில் பாதம் வழி ஏறிய அதே அதிர்வு இங்கே நெஞ்செலும்பில் வந்து தட்டுகிறது. ஆனால் இதை ஒரு மனிதர் ஆட்டுவிக்கிறார். வேகம் கூட்டுகிறார், பாதியாகக் குறைக்கிறார், சட்டென்று நிறுத்துகிறார். அந்த ஒரு நொடி நிசப்தத்துக்குள் கூட்டமே மூச்சைப் பிடித்து நிற்கிறது, கிதாரின் ரிஃப் எங்கே திரும்ப வந்து விழும் என்று எல்லோருக்கும் தெரியும். பகலெல்லாம் இரும்பின் தாளத்துக்கு உடம்பைக் கொடுத்தவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு விளக்குவது கடினம். அயோமிக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் அது தெரிந்திருந்தது.

பிறகு மேடைக்கு முன்னால் கூட்டம் வட்டமாக விலகுகிறது. மோஷ் பிட். இளைஞர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொள்கிறார்கள். முதல்முறை பார்ப்பவருக்கு அடிதடி என்றே தோன்றும். ஒருவர் வழுக்கி விழுகிறார். அடுத்த கணம் நான்கு கைகள் அவரை அக்குளில் பிடித்துத் தூக்கி நிறுத்துகின்றன. யாரோ ஒரு ஒற்றைச் செருப்பைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு உரியவரைத் தேடுகிறார். விழுந்தவரைத் தூக்கிவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க இந்தக் கூட்டத்தில் எழுதாத சட்டம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் கச்சேரி வீடியோக்களை வைத்து மோஷ் பிட்டை ஆராய்ந்து 2013இல் கட்டுரை வெளியிட்டார்கள். மோஷ் பிட்டில் மனிதர்களின் ஓட்டம் வாயு மூலக்கூறுகளின் ஓட்டத்தைப் போன்றது என்றும், வட்டமாக ஓடும் சர்க்கிள் பிட் ஒரு சுழல் என்றும் கண்டார்கள். அந்த வட்டங்களில் மிகப் பெரும்பாலானவை இடஞ்சுழியாகச் சுற்றுகின்றனவாம். நம் கோயில் பிரகாரத்துக்கு நேர் எதிர்த்திசை.

கோபத்தை அடக்கு என்று சொல்லித்தான் நம்மை வளர்க்கிறார்கள். வள்ளுவர் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமே கொடுத்திருக்கிறார். நல்ல அறிவுரைதான். ஆனால் சூப்பர்வைசரிடம் பதில் பேச முடியாமல், கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்களா என்று தெரியாமல், ஒரு வாரம் முழுக்கச் சேர்ந்த சூட்டை ஒருவர் எங்கே கொண்டுபோய் இறக்குவது? வீட்டில் இறக்கினால் மனைவியும் பிள்ளையும்தான் தாங்க வேண்டும். டாஸ்மாக்கில் இறக்குபவர்களை இந்தப் பகுதி நன்றாக அறியும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2015இல் ஓர் ஆய்வு: எக்ஸ்ட்ரீம் மெட்டல் கேட்கும் 39 பேருக்கு முதலில் வேண்டுமென்றே கோபமூட்டினார்கள், பிறகு சிலரை இசை கேட்கவும் சிலரைச் சும்மா இருக்கவும் விட்டார்கள். கேட்டவர்களின் கோபம் ஏறவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு இணையாக அவர்களும் தணிந்தார்கள், கூடவே மனத்தில் ஊக்கமும் வந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் மெட்டல் கேட்டால் பையன் கெட்டுப்போவான் என்று பயப்படும் பெற்றோருக்குச் சொல்லத்தக்கது.

அந்தப் பயத்துக்கு ஆதாரமாகத் தோன்றும் ஒரு சம்பவமும் உண்டு. 2011 அக்டோபரில் மெட்டாலிகா என்ற மெட்டல் குழு முதன்முறையாக இந்தியா வந்தது. குர்கானில் மேடைக்கு முன்னிருந்த தடுப்பு உடைந்ததால் கச்சேரி நடக்கவில்லை. காத்திருந்த கூட்டத்தில் ஒரு பகுதி மேடையேறிக் கருவிகளை உடைத்தது. இரண்டு நாள் கழித்து பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அதே குழு வாசித்தது, பல்லாயிரம் பேர் பாடி ஆடிவிட்டு வீடு போனார்கள். இசை கிடைக்காத இடத்தில்தான் மேடை உடைந்தது. அயர்ன் மெய்டன் குழு 2007இல் வாசித்ததும் அதே மைதானத்தில். சென்னைக்காரர்களுக்குப் பெரிய மெட்டல் கச்சேரி என்றால் இன்றுவரை பெரும்பாலும் பெங்களூருவுக்கு ரயில் ஏறுவதுதான். அந்த ரயில்கள் அண்ணனூரைக் கடந்தே போகின்றன, நிற்பதில்லை.

இன்னொரு தூரமும் இருக்கிறது, அது கிலோமீட்டரில் அளக்க முடியாதது. பர்மிங்காமின் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் உருவாக்கிய இசை, இங்கே பொறியியல் கல்லூரி வளாகங்கள் வழியாக நுழைந்தது. ஸ்வீடனின் ஓப்பெத் குழு 2009இல் ஐ.ஐ.டி. மெட்ராஸின் சாரங் விழாவில் வாசித்தது. அடையாறில் இருந்த அன்வைண்ட் சென்டர் ஆண்டுதோறும் ஜூன் ராக் அவுட் என்ற ராக் விழாவை நடத்தி உள்ளூர்க் குழுக்களை வளர்த்தது. அருமையான காரியங்கள். ஆனால் எல்லாம் தெற்கே, ஆங்கிலம் புழங்கும் இடங்களில். எஸ்டேட் தொழிலாளி அங்கே நுழையும்போது தடுப்பவர் யாருமில்லை, இருந்தாலும் அவருக்குப் பாதிப் பேச்சு புரிவதில்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு கானாவையும் எலெக்ட்ரிக் கிதாரையும் ஒரே மேடையில் ஏற்றியபோது அந்தத் தூரம் கொஞ்சம் குறைந்தது. சிங்கப்பூரில் 1992இலேயே தமிழ் இளைஞர்கள் ருத்ரா என்ற டெத் மெட்டல் குழுவைத் தொடங்கி, அத்வைத வேதாந்தத்தை உறுமும் குரலில் பாடி, முப்பது ஆண்டுக்கு மேலாக நிலைத்திருக்கிறார்கள். இந்த இசை நமக்கு ஒத்துவராது என்ற பேச்சுக்கு அவர்களே பதில்.

ஆபத்து இல்லாமலில்லை. போன செவித்திறன் திரும்பாது. பிரஸ் ஷாப்பில் பாதி தேய்ந்த காதுக்குக் கச்சேரியும் சேர்ந்தால் ரீங்காரம் நிரந்தரமாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கு வரம்பு சொன்னது: சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது, காதடைப்பான் கிடைக்க வேண்டும், இரைச்சலிலிருந்து விலகி உட்கார ஓர் இடம் வேண்டும். நம் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்குத் திறந்தவெளி ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்கின்றன. அக்கம்பக்கத்தில் கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கும்போது அது சரியான விதி. தான் தேர்ந்தெடுத்த சத்தத்தை அடுத்தவர் மேல் திணிக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. ஒலிபெருக்கி வைத்த எல்லா விழாக்களுக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் இடம் எங்கே? எஸ்டேட்டிலேயே இருக்கிறது. பழைய ஷெட்டுகளுக்கு உயரமான கூரை உண்டு, மூன்று ஃபேஸ் மின்சாரம் உண்டு, லாரி நேராக உள்ளே நுழையும் வாசல் உண்டு, சுற்றிலும் வீடுகள் குறைவு. சுவருக்கு உள்பக்கம் ஒலி உறிஞ்சும் பலகை அடித்து, வாசலில் ஆரஞ்சு உருளை கொடுத்து, டிக்கெட்டை ஒரு சினிமா டிக்கெட் விலையில் வைத்தால் அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் ஆள் வரும். சனிக்கிழமை மாலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்துக்கு முன் முடித்துவிடலாம், எல்லோருக்கும் லோக்கல் கிடைக்கும். இரண்டாம் ஷிஃப்ட்காரர்கள் அதற்கு வர முடியாது. அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று வைக்க வேண்டியிருக்கும்.