மீதி வைக்காத இரண்டு காசு



மாற்கு சுவிசேஷம் 12ஆம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்களை நாம் பெரும்பாலும் காணிக்கை எடுக்கும் நேரத்தில்தான் கேட்கிறோம். பை வரிசை வரிசையாக வரும்போது வாசிக்கப்படுவதாலேயே, அந்தப் பகுதி வசூலுக்கு ஒரு முன்னுரை போல நம் காதில் பதிந்துவிட்டது. இன்று அதை வசூலிலிருந்து பிரித்து வைத்துப் பார்ப்போம். பஸ்கா நெருங்கிய நாட்கள் அவை. எருசலேமில் ஊர் ஊராக வந்த கூட்டம். தேவாலயத்தில் எக்காளம் போன்ற வடிவில் 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதருடைய மிஷ்னா சொல்கிறது. ஐசுவரியவான்கள் அநேகர் வந்து நிறையப் போட்டார்கள். அந்த நெரிசலில் ஓர் ஏழை விதவையும் வந்து இரண்டு காசு போட்டுவிட்டுப் போனாள். ரோமருக்குப் புரியட்டும் என்று மாற்கு அதன் மதிப்பையும் சேர்த்தே எழுதுகிறார். அந்த இரண்டு காசும் சேர்ந்தால் ஒரு தினாரியத்தில் 64இல் ஒரு பங்கு. தினாரியம் என்பது கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளம். இன்று நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவள் போட்டது 10 ரூபாய். டியூப் லைட்டிலும் மின்விசிறியின் இறக்கையிலும் உபயதாரர் பெயரை எழுதி வைக்கிற நம் கோயில்களில் 10 ரூபாய்க்கு எங்கே இடம் இருக்கிறது?

அவளிடம் இருந்தது ஒரே நாணயம் அல்ல, இரண்டு. ஒன்றைப் போட்டு ஒன்றை வைத்துக்கொண்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஐம்பது சதவீதக் காணிக்கை என்று புகழ்ந்துகூட இருப்பார்கள். ஆண்டவரோ பெட்டிக்குள் விழுந்ததை எண்ணவில்லை, கையில் மிஞ்சியதைப் பார்த்தார். மற்றவர்கள் தங்கள் பரிபூரணத்திலிருந்து போட்டார்கள் என்கிறார். அவர்களை அவர் திட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர்கள் கொடுத்தது நல்ல காணிக்கையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவர்களுடைய மறுநாள் சாப்பாட்டை அந்தக் காணிக்கை தொடவில்லை. தேவன் பார்த்துக்கொள்வார் என்று நம்ப வேண்டிய அவசியமே அங்கு எழவில்லை. அவளுக்கு அந்த அவசியம் அன்றைக்கே எழுந்துவிட்டது. விசுவாசம் நெஞ்சில் தோன்றும் உருக்கம் மட்டும் என்றால் அது உண்டா இல்லையா என்று நமக்கே தெரியாது. கடைசியாகப் பிடித்திருந்ததைக் கை விடுகிறதா என்ற இடத்தில்தான் அது வெளியே தெரியவரும். ஆகவே கொஞ்சமே வைத்திருப்பவன்தான் தேவனை நம்புகிறான் என்று நான் சொல்ல வரவில்லை. கொஞ்சத்தையும் விட்டுக்கொடுக்க முடிகிறவன் நம்புகிறான். அந்த நம்பிக்கை, 'பெருக்கித் திருப்பித் தருவார்' என்ற கணக்கின் மேல் நிற்பதல்ல. இன்றைய செய்தி இந்த இரண்டாவது பாதியைப் பற்றியதுதான்.

ஏனென்றால், இதற்கு நேர்மாறான போதகம் நம் காதுகளில் ஓயாமல் விழுகிறது. விதைக் காணிக்கை போடுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள் என்கிறார்கள். அதற்கு அவர்கள் முதலில் எடுக்கும் ஆதாரம் சாறிபாத் விதவை. 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தால் அந்த ஆதாரம் அவர்களுக்கு உதவாது. சாறிபாத், சீதோனுக்கடுத்த ஊர்; யேசபேலின் தகப்பன் ஆண்ட தேசம். எலியா, பின்னாளில் தன்னைக் கொல்லத் தேடிய ராணியின் பிறந்த நாட்டுக்கே, அதுவும் பஞ்ச காலத்தில், அனுப்பப்படுகிறான். அங்கே ஒரு விதவை விறகு பொறுக்குகிறாள். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டுத் தானும் மகனும் சாப்பிட்டுவிட்டுச் சாவதாக இருக்கிறாள். முதலில் எனக்கு ஒரு சிறிய அடை செய்து கொண்டுவா என்கிறான் எலியா. கேட்கவே கொடுமையாக இருக்கிறது. அவள் செய்தாள். மழை பெய்கிற நாள் வரை பானையில் மாவு தீரவில்லை, கலயத்தில் எண்ணெய் குறையவில்லை. பானை நிரம்பி வழிந்ததாகவோ, மாவு விற்று அவள் வீடு கட்டியதாகவோ ஒரு வரியும் இல்லை. அன்றன்றைக்கு வேண்டியது அன்றன்றைக்கு இருந்தது. பஞ்சம் தீரும் மட்டும் நாளைக்கு என்ன என்ற கேள்வி ஒவ்வொரு இரவும் அவளோடு படுத்து எழுந்திருக்க வேண்டும். அது மட்டுமல்ல, அதே அதிகாரத்தில் அவள் மகன் நோய்ப்பட்டு இறந்தும் போகிறான். தேவனுக்கென்று கடைசிப் பிடி மாவைக் கொடுத்தவள் வீட்டிலும் சாவு வந்தது. பிள்ளை திரும்பக் கிடைத்தான் என்பது உண்மை. ஆனால் அது வரை அவள் எலியாவிடம் கேட்ட கேள்வி, நம்மில் யாரும் பிள்ளையின் படுக்கையருகே கேட்கக்கூடிய கேள்வியே. கொடுத்தவர்களுக்குக் கஷ்டம் வராது என்று போதிக்கிறவர்கள் 16ஆம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிடுகிறார்கள்.

ஊழியக்காரன் முதலில் தனக்குக் கேட்டானே என்று ஒருவர் கேட்கலாம். கேட்டான். ஆனால் கேட்டுவிட்டு அவன் வேறு ஊருக்குப் போய்விடவில்லை. அந்த வீட்டு மேலறையிலேயே தங்கினான். அந்தப் பானையில் மாவு தீர்ந்தால் முதலில் பட்டினி கிடப்பவர்களில் அவனும் ஒருவன். தான் சொன்ன வார்த்தையின் மேல் தன் வயிற்றையும் வைத்தான். ஏழையின் காணிக்கையைக் கேட்கிற எந்த ஊழியக்காரனையும் இந்த ஒரு அளவுகோலால் அளக்கலாம்: கொடுத்தவளின் பானையிலிருந்தே அவனும் சாப்பிடுகிறானா?

யோவான் 6ஆம் அதிகாரத்தின் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் இதே கதைதான். 5,000 புருஷர். 200 தினாரியத்துக்கு வாங்கினாலும் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கப் போதாது என்று பிலிப்பு கணக்குப் பார்க்கிறான். அந்தக் கணக்கில் பிழை இல்லை. அந்திரேயா ஒரு பையனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இது எம்மாத்திரம் என்று தானே தயங்குகிறான். வாற்கோதுமை அப்பம் ஏழைகளின் சாப்பாடு. அது ஊருக்கே போதுமானதாயிற்று. மிஞ்சிய துணிக்கைகள் 12 கூடை. அந்தக் கூடைகள் பையனுக்குப் போய்ச் சேர்ந்ததாக நான்கு சுவிசேஷங்களில் எதுவும் சொல்லவில்லை. அவன் பேரும் தெரியாது. மறுநாள் அப்பம் தேடி அக்கரைக்கு வந்த கூட்டத்தை ஆண்டவர் கடிந்துகொள்கிறார். அந்த அதிகாரம் முடிவதற்குள் சீஷரில் அநேகர் பின்வாங்கிப் போகிறார்கள். அற்புதத்தை வரவு செலவாகப் பார்த்தவர்களுக்கு அங்கே நிற்க இடம் இருக்கவில்லை. கொஞ்சம் பெருகிற்று, பிறருக்காகப் பெருகிற்று. சாறிபாத்திலும் ஒரு பிடி மாவு மூன்று பேரின் பசிக்கு ஈடு கொடுத்ததே தவிர, கொடுத்தவளின் சேமிப்பு ஆகவில்லை.

இதைவிடக் கடினமான ஓர் ஆட்சேபம் உண்டு. அதைத் தட்டிக்கழித்துவிட்டுப் போக முடியாது. ஏழை விதவை தன் ஜீவனத்துக்கு இருந்ததையெல்லாம் போட்டது புகழத்தக்கதா, பரிதாபத்துக்குரியதா? வேத அறிஞர்கள் சிலர் ஆண்டவர் அவளைப் பாராட்டவில்லை, அவள் நிலைக்காக வருந்தினார் என்கிறார்கள். அவர்களுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. இந்தப் பகுதிக்கு முந்தின வசனத்திலேயே, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை ஆண்டவர் சாடுகிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில், அந்தத் தேவாலயத்தில் கல்லின்மேல் கல் நில்லாது என்கிறார். கி.பி. 70இல் அப்படியே ஆயிற்று. இடிபடப் போகிற கட்டடத்துக்காக ஒருத்தி தன் சாப்பாட்டைக் கொடுத்திருக்கிறாள். மாற்கு 7ஆம் அதிகாரத்தில், தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லி ஆலயத்துக்கு எழுதி வைப்பதையும் அவர் கண்டித்திருக்கிறார். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏழையிடம் காணிக்கை பிடுங்க இந்த வசனத்தைப் பயன்படுத்துகிறவன் வேதபாரகர் வரிசையில்தான் உட்காருகிறான். ஆனாலும் அவளுடைய செயலை அவர் மூடத்தனம் என்று தள்ளவில்லை. எல்லாரிலும் அதிகமாய்ப் போட்டாள் என்றே தீர்ப்புச் சொன்னார். அமைப்பைப் பற்றிய கோபமும் அவளைப் பற்றிய மதிப்பும் ஒரே வாயிலிருந்து வந்தன. இன்னொன்றும் உண்டு. அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஆண்டவரும் கேட்கவில்லை, அவளை அழைத்துப் பேசக்கூட இல்லை. அவர் கூப்பிட்டது சீஷர்களை. அந்தப் பாடம் அவளுக்குத் தேவைப்படவில்லை, அவர்களுக்குத் தேவைப்பட்டது. தானாக எழும் நம்பிக்கையை யாரும் பிறரிடமிருந்து கேட்டு வாங்க முடியாது.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது இதை மறக்கவில்லை. எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காக அவர் பணம் சேர்த்த காலம். மக்கெதோனியா சபையார் கொடிய தரித்திரத்தில் இருந்தும், தாங்களாகவே, தங்கள் திராணிக்கு மிஞ்சியும் கொடுத்தார்கள் என்று 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் சாட்சி சொல்கிறார். உடனே, ஒருவனுக்கு இருக்கிறதற்குத் தக்கதாகக் கொடுப்பதே அங்கீகரிக்கப்படும், இல்லாததற்குத் தக்கதாக அல்ல என்று எல்லை போடுகிறார். மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்று நான் எழுதவில்லை, சமநிலை வேண்டும் என்றே எழுதுகிறேன் என்கிறார். தேவனை நம்பிக் கொடுப்பவனைத் தேவன் தாங்குவது பெரும்பாலும் சபையின் கைகளால்தான். அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அவன் அடுப்பு எரிகிறதா என்று பார்க்காத சபை, அவனுடைய விசுவாசத்தின் பலனைத் தன் கையாலேயே தடுத்து நிறுத்துகிறது.

கொஞ்சத்தால் உலகத்தில் என்ன ஆகும் என்பவருக்கு மிசோராமைக் காட்டலாம். அங்கே மிஷனெரிமார் தங்கி ஊழியம் தொடங்கியது 1894இல். பணப்புழக்கம் அரிதாக இருந்த அந்த மலைநாட்டில், 1910 முதல் பெண்கள் சமைக்கும் ஒவ்வொரு வேளையும் உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்து வைத்தார்கள். சாப்பிட்டு மிஞ்சியதிலிருந்து அல்ல, முதலிலேயே. சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்தார்கள். இன்றும் அது நிற்கவில்லை; ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாய் அந்தப் பிடி அரிசியால் ஊழியத்துக்குச் சேர்கிறது. நம் திருநெல்வேலியிலும் அப்படியே. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெள்ளைக்காரர் பணமில்லாமல் ஊழியம் நடக்காது என்பதுதான் பொதுவான எண்ணம். பனையேறுகிறவர்களும் சிறு விவசாயிகளும் நிறைந்த சபைகள் தங்கள் காசில் நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கலுக்கு ஊழியரை அனுப்பின. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1909இல் அங்கு போய், 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். இங்கும் அரிசியோ காசோ கொடுத்தவர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கொடுத்த பாட்டிமாரில் பெரும்பாலோர் தோர்ணக்கலைக் கண்ணால் கண்டதும் இல்லை.

தேவனுக்குத்தான் ஒன்றும் குறையில்லையே, எதற்காக ஏழையின் காசு என்று கேட்டால், குறையில்லை என்பதே பதில். தாவீது ஆலயத்துக்காகப் பொன்னும் வெள்ளியும் குவித்துவிட்டு, உம்முடைய கையிலிருந்து வாங்கியதையே உமக்குக் கொடுத்தோம் என்று ஒத்துக்கொண்டான். காணிக்கை தேவனுடைய தேவைக்காக அல்ல. நாம் எதன் மேல் சாய்ந்திருக்கிறோம் என்று நமக்குத் தெரிவதற்காக.

ஆகவே பிரியமானவர்களே, இரண்டு வேண்டுகோள்கள். கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். பிள்ளையின் மருந்துக்கு வைத்திருக்கும் பணத்தை ஆசீர்வாதம் என்ற பெயரில் யாராவது கேட்டால், கொடுக்க மறுத்துவிடுங்கள். அது உங்களிடம் இருப்பதல்ல, பிள்ளையுடையது. ஆனால் உங்களுடையது என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று, பணமோ, மாலை நேரத்தில் ஒரு மணியோ, பக்கத்து வீட்டு முதியவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் கையோ உங்களிடம் உண்டு. இது எம்மாத்திரம் என்று அதை மடியில் முடிந்து வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த வாரமே கொண்டுவாருங்கள். சபைக் கமிட்டியாரே, அதை வாங்கும்போது கொடுத்தவர் வீட்டு நிலவரத்தையும் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.