சட்டையைக் கழற்றியவரும் கோட் அணிந்தவரும்

மதுரை மேலமாசி வீதியில் காதி விற்பனை நிலையம் இருக்கும் அந்தப் பழைய மாடி வீட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, அந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டார். முழங்கால் வரைக்குமான ஒற்றைத் துணிக்கு மாறினார். அந்நியத் துணியை விடச் சொல்கிறீர்களே, கதர் வாங்க ஏழைகளிடம் காசு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு அவர் தந்த பதில் அது.

பள்ளிக்கூடத்தில் இதைப் படித்த நாளிலிருந்து நம் மனசில் ஒரு கணக்கு பதிந்துவிட்டது. உடை குறையக் குறைய ஆள் உயர்கிறார். உடை கூடக் கூட உள்ளே சரக்கு குறைகிறது. மேடையிலும் பட்டிமன்றத்திலும் கல்யாண வீட்டுப் பேச்சிலும் இதே தீர்ப்புதான். எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. காந்தி மீது மதிப்புக் குறைந்து சொல்லவில்லை. அவர் செய்ததில் பாதியைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம் என்பதால் சொல்கிறேன்.

மறந்த பாதி இது. 1888இல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போன அந்தப் பதினெட்டு வயதுப் பையன், வெள்ளை ஃபிளானல் உடையில் போய் இறங்கி, அங்கே தன்னைத் தவிர யாருமே அப்படி உடுத்தவில்லை என்பதைப் பார்த்து வெட்கப்பட்டார். பிறகு பாண்ட் ஸ்ட்ரீட்டில் பத்துப் பவுன் கொடுத்து மாலை நேர சூட் தைத்துக்கொண்டார். உயரத் தொப்பி வாங்கினார். தங்கத்தில் கடிகாரச் சங்கிலி கேட்டு அண்ணனுக்கு எழுதினார். இதையெல்லாம் தம் சுயசரிதையில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராகக் கோட், டை, தலைப்பாகை என்று இருந்தார். 1913 டிசம்பரில், வேலைநிறுத்தம் செய்த இந்தியத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, டர்பனில் ஒப்பந்தக் கூலிகளின் உடையில் மக்கள் முன்னால் வந்து நின்றார். அந்தக் கூலிகளில் பலர் நம் தமிழ் ஆட்கள். மதுரைக்கு வந்து சேர அவருக்கு முப்பத்து மூன்று வருஷம் ஆயிற்று. ஒவ்வொன்றாக அணிந்து பார்த்தவர், ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றுவதற்கு அவரிடம் சட்டை இருந்தது. இன்னொன்றும் முக்கியம்: தன்னைப் பார்த்து மற்றவர்களும் அரைத்துணிக்கு மாற வேண்டும் என்று தாம் விரும்பவில்லை என்று அவர் அப்போதே அறிவித்தார்.

இனி மதுரைக்குப் பக்கத்து மாவட்டத்துக்கு வாருங்கள். ஒன்பது வருஷம்தான் கடந்திருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. கோட், சட்டை, பனியன் எதுவும் போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பொன் நகையும் வெள்ளி நகையும் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. முழங்கால் வரை ஒற்றைத் துணி, மேலே வெற்றுடம்பு. காந்தி விரும்பி ஏற்ற அதே கோலம்தான், ஒரு மாட்டு வண்டிப் பயணத் தூரத்தில், அடி உதையோடு விதிக்கப்பட்ட தண்டனையாக இருந்தது. அங்கே ஒருவன் தன் பிள்ளைக்குச் சட்டை போட்டுவிட்டால், அது அவன் செய்த புரட்சி. அவனிடம் போய் எளிமையின் மேன்மையைப் பற்றி யார் பேச முடியும்?

புறநானூற்றில் நக்கீரர் பாடிய பாட்டு ஒன்றைத் தமிழ் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலகத்தை ஆளும் அரசனுக்கும், இரவு பகல் தூங்காமல் விலங்கை விரட்டும் வேடனுக்கும் சாப்பாடு ஒரே அளவு, உடுப்பது இரண்டே துணி என்கிறார். இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று. மனிதத் தேவையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் பேசிவிட முடியாது. ஆனால் அதே தமிழ் மண்ணில், அந்த இரண்டாவது துணிக்காக உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் தென் திருவிதாங்கூராக இருந்த காலத்தில், மேலுடம்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக நாடார் பெண்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு போராடினார்கள். சந்தையிலும் தெருவிலும் அவர்கள் போட்டிருந்த தோள்சீலை கிழித்தெறியப்பட்டது. வீடுகள் எரிந்தன. 1859 ஜூலை 26ஆம் தேதி மகாராஜாவின் பிரகடனம் வந்தது. மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் கூடாது என்று அந்தப் பிரகடனத்திலும் ஒரு நிபந்தனை இருந்தது. உடம்பை மறைக்க விட்டாலும் சமமாகத் தெரிய விடமாட்டோம் என்பதுதான் அதன் பொருள்.

இந்தப் பின்னணியில்தான் நான் அம்பேத்கரின் கோட்டைப் பார்க்கிறேன்.

பிணத்தின் மேல் கிடந்த துணியைத்தான் சண்டாளர் உடுத்த வேண்டும் என்று மனுஸ்மிருதி விதித்திருக்கிறது. அந்த நூலை 1927 டிசம்பர் 25ஆம் தேதி மகாராஷ்டிரத்து மகாத் ஊரில் அம்பேத்கரும் அவர் தோழர்களும் கொளுத்தினார்கள். அதே மாநாட்டு நாட்களில் அவர் பெண்களிடம் தனியாகப் பேசினார். நீங்கள் புடவை கட்டும் விதத்தைப் பார்த்தே உங்கள் சாதியைக் கண்டுபிடித்து விடுகிறார்கள். மற்றப் பெண்களைப் போலக் கணுக்கால் வரை கட்டுங்கள் என்றார். பொருளாதாரத்தில் கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் வாங்கிய ஒரு மேதை, கூலிக்காரப் பெண்களிடம் புடவையின் நீளத்தைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்கினார் என்றால், உடை அவருக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்!

1931இல் லண்டனில் நடந்த இரண்டாவது வட்டமேசை மாநாட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். காந்தி அரைத்துணியும் போர்வையுமாக, அம்பேத்கர் சூட்டில். ஒருவர் தேசத்தின் வறுமையை உடுத்தி வந்தார். மற்றவரோ தம் மக்களுக்கு மறுக்கப்பட்டதை உடுத்தி வந்தார். இதில் யார் எளியவர், யார் பகட்டுக்காரர் என்று கேட்பதே தப்பு. கோட்டும் அரைத்துணியும் அங்கே ஒரே வேலையைத்தான் செய்தன. இன்று நம் ஊர்ச் சந்திகளில் நீலக் கோட்டோடு அவர் சிலை நிற்கிறது. அந்தக் கோட் இல்லாமல், வெற்றுத் தோளோடு அவரை ஒருவர் செதுக்கினால் அது அம்பேத்கராகவே இருக்காது. 2016இல் வந்த ‘கபாலி’ படத்தில் ரஜினிகாந்தின் பாத்திரம் இந்த இரண்டு உடைகளுக்கும் உள்ள அரசியலைச் சொன்னபோது தியேட்டரில் எழுந்த கைதட்டல் வெறும் நடிகருக்கானது மட்டும் இல்லை என்பது என் எண்ணம்.

என் அப்பா தாலுகா ஆபீசில் எழுத்தர். வெளியே போட்டுப் போக அவரிடம் இருந்தவை இரண்டு வெள்ளைச் சட்டைகள். வியர்வை பட்டால் காலர் சீக்கிரம் நைந்துவிடும் என்று கைக்குட்டையை மடித்துக் கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் வைத்துக்கொள்வார். அப்படியும் மடிப்பு விளிம்பில் நூல் பிரிந்து வெளுப்பு ஏறும். உடனே பஸ் ஸ்டாண்ட் எதிரில் இருந்த டெய்லரிடம் கொண்டு போவார். அவர் பழைய பிளேடால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, காலரைத் தனியாகக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வைத்துத் தைத்துத் தருவார். கிழிசல் கழுத்தின் பக்கமாக மறைந்துவிடும். சொட்டு நீலம் போட்டு அலசி, கஞ்சி முறுக்கோடு இஸ்திரி போட்டால் சட்டைக்கு இன்னும் ஒரு வருஷம் ஆயுள். வீட்டில் எண்ணெய்க்கும் புளிக்கும் கணக்குப் பார்த்த அவர், டெய்லர் கூலிக்கும் இஸ்திரிக்கும் கணக்குப் பார்த்ததே இல்லை.

“நாலு பேர் முன்னாடி போய் நிக்கிற எடத்துல சட்டை நல்லா இருக்கணும்டா தம்பி. அப்பத்தான் உக்காருன்னு சொல்லுவான்” என்பார்.

பிற்பாடு எத்தனையோ கவுன்ட்டர்களில் வரிசையில் நின்றபோது அந்தப் பேச்சு எவ்வளவு சரி என்று கண்டேன். முன்னால் நிற்கும் கைலிக்காரரிடம் ‘என்ன வேணும்’ என்று கேட்கிற அதே வாய், பின்னால் நிற்கும் பேண்ட்காரரிடம் ‘சொல்லுங்க சார்’ என்கிறது. உடையை வைத்து ஆளை எடை போடாதே என்று புத்தி சொல்வது சுலபம். ஊரே எடை போட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டில் நிற்கிறவன் அந்தப் புத்திமதியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

ரஷ்ய எழுத்தாளர் கோகோல் 1842இல் வெளியிட்ட ‘மேல்கோட்’ கதையை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பது இதனால்தான். பீட்டர்ஸ்பர்க் குளிரில் நானூறு ரூபிள் வருஷச் சம்பளத்துக்கு நகல் எழுதுகிற அகாக்கி அகாக்கியேவிச்சின் மேல்கோட் இற்றுப்போகிறது. ஒட்டுப் போடக்கூட இதில் துணி இல்லை என்று டெய்லர் பெத்ரோவிச் கைவிரித்துவிடுகிறான். புதுசுக்கு எண்பது ரூபிள். ராத்திரி டீயை நிறுத்துகிறார். மெழுகுவத்தி ஏற்றுவதில்லை. செருப்பு தேயக் கூடாது என்று கல் பாவிய தெருவில் நுனிக்காலில் நடக்கிறார். கழுத்துப் பட்டிக்கு விலை உயர்ந்த ரோமம் வாங்க வழியில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அப்படியே தெரிகிற பூனைத் தோலைத் தேடி வாங்குகிறார்கள். இந்தப் பூனைத் தோல் இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். என் அப்பாவின் திருப்பித் தைத்த காலர் அங்கே தெரிகிறது. புதுக் கோட் போட்டுப் போன அன்றே அலுவலகத்தில் அகாக்கியை மனுஷராகப் பார்க்கிறார்கள். அன்று இரவே அது பறிபோகிறது. நியாயம் கேட்டுப் போன இடத்தில் ஒரு பெரிய அதிகாரி உறுமுகிறார். அகாக்கி காய்ச்சலில் செத்துப்போகிறார். பிறகு அவர் ஆவி நகரத்துத் தெருக்களில் வருகிறவர் போகிறவர் கோட்டுகளை உருவுகிறது. அந்த அதிகாரியின் கோட்டையும் உருவிய பிறகே அடங்குகிறது. அகாக்கி எதற்காக ஒரு கோட்டின் மேல் இவ்வளவு உயிரை வைத்தார் என்று கேட்கும் விமர்சகர்கள் உண்டு. குளிரில் நின்றவனுக்குத்தான் அது தெரியும்.

நம் மொழியில் இதற்கு ஈடாக நான் வைக்கும் கதை கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’. தீபாவளிக்கு முதல் நாள், சொறியும் சிரங்குமாக, உடுக்க நல்ல துணி இல்லாமல் ஓர் அனாதைச் சிறுவன் அந்த ஏழை வீட்டு வாசலுக்கு வருகிறான். பெயர் ராஜா. தாயம்மாளிடம் தன் பிள்ளைகளுக்கே எண்ணித்தான் புதுத் துணி இருக்கிறது. அவனைக் குளிப்பாட்டிய பிறகு, கணவனுக்கென்று வாங்கி வைத்த புதுத் துண்டைக் கொடுத்து உடுத்தச் சொல்கிறாள். பணக்கார வீட்டுப் பையனிடம் போய், தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சொல்கிறாள் சிறுமி மங்கம்மாள். துண்டு ஒன்றுதான். ஆனால் அது புதிது. வீட்டுத் தலைவனுக்கென்று இருந்தது. பொருநராற்றுப்படையில் கரிகாலனும் இதையே செய்கிறான். ஈரும் பேனும் மண்டி, வியர்வையில் நனைந்து, வேறு நூலால் ஒட்டுப் போட்ட பொருநனின் கந்தலை நீக்கி, பாம்புச் சட்டை போல மெல்லிய, இழை தெரியாத துணியைத் தருகிறான். அரசனும் தாயம்மாளும் அறிந்திருந்ததை நாம் எங்கோ தொலைத்துவிட்டோம்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் பழைய துணி குவியல் குவியலாகக் கிடந்தது. லாரி லாரியாக வந்ததை மீனவ மக்கள் தொடவில்லை. எல்லாம் போன பிறகும் இவர்களுக்கு இவ்வளவு வீறாப்பா என்று அன்று பலர் பேசினார்கள். வீடு, படகு, பிள்ளை எல்லாம் போன ஒருவரிடம் மிச்சம் இருந்தது அந்த மறுப்பு ஒன்றுதான். அதை மதித்திருக்க வேண்டும்.

இப்போது கல்யாண வரவேற்புகளில் மாப்பிள்ளைகள் கோட் போட்டு நிற்கிறார்கள். பலர் வாடகைக்கு எடுக்கிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக, முதல் சம்பளத்தில் சூட் தைத்துக்கொள்ளும் பையன்களையும் நான் அறிவேன். சித்திரை வெயிலில் கழுத்து வியர்க்கத்தான் செய்யும். அவன் தாத்தா எந்த ஊரில், எந்தத் தெருவில், துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார் என்பது தெரியாமல் அவனைப் பற்றிக் கருத்துச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. எளிமை நல்ல குணம்தான். அதை நான் என் அலமாரியில் கடைப்பிடிக்கலாம். அடுத்தவன் உடம்பில் கடைப்பிடிக்க முடியாது.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. வருகிற தீபாவளிக்கு, வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு அலமாரியைக் காலி செய்த பழைய புடவைகளைக் கட்டிக் கொடுக்காதீர்கள். புதுசாக ஒன்றே ஒன்று, விலை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, என்ன நிறம் பிடிக்கும் என்று அவரையே கேட்டு வாங்கிக் கொடுங்கள். ரவிக்கைத் துணியோடு தையல் கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.