செத்தவர்களின் வழக்கு

பயமுறுத்த வருகிற பேய் ஒன்று. வழக்காட வருகிற பேய் இன்னொன்று. முதல் வகையை விட்டுவிடலாம். இரண்டாவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணங்கள் இரண்டு. ஒன்று, 1937இல் போலந்தில் மிகால் வாஷின்ஸ்கி எடுத்த இத்திஷ் படம் 'டிபுக்'. மற்றது, அம்பத்தூரிலிருந்து அரக்கோணம் ரயிலில் போனால் வருகிற திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர்க்கதை: பழையனூர் நீலி.

'டிபுக்' அன்ஸ்கியின் நாடகத்திலிருந்து வந்தது. 1912க்கும் 1914க்கும் இடையில் யூதச் சிற்றூர்களில் அலைந்து வாய்மொழி வழக்குகளைச் சேகரித்தவர் அவர். இரு நண்பர்கள், பிறக்காத தங்கள் பிள்ளைகளுக்கு மணம் பேசி வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். ஒருவன் செத்துப்போகிறான். மற்றவன் பணக்காரனாகி மகளை வேறிடத்தில் கட்டிக்கொடுக்க நிச்சயிக்கிறான். செத்த நண்பனின் மகன் உயிர்விட்டு, கல்யாணத்தன்று அவள் உடம்பில் புகுந்துகொள்கிறான். ராபியின் சபை கூடுகிறது. செத்த தகப்பன் வாதி. பிறக்காத ஒன்றின்மேல் செய்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது, மூல நாடகத்தில், சட்டம். ஆனாலும் வாக்கு மறந்தவனைச் சபை விட்டுவிடவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்கிறது.

நீலி முற்பிறவியில் கணவன் கையால் கொல்லப்பட்டவள். மறுபிறவியில் வணிகனாக வருகிறவனைத் தொடர்கிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் சபையில் 'இவன் என் புருஷன்' என்று அழுகிறாள். அவன் பேய் என்கிறான். உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று எழுபது பேரும் சொல்லி அவளோடு அனுப்புகிறார்கள். விடிவதற்குள் அவன் பிணம். எழுபது பேரும் தீப்பாய்ந்தார்கள் என்கிறது கதை. சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு.

வங்கியில் தினமும் ஜாமீன் பத்திரம் பார்க்கிறவன் நான். அங்கே ஜாமீன் ஒரு தொகை. கட்டிவிட்டால் கணக்கு முடிந்தது. பழையனூரில் தொகை உயிர். எழுபது பேரும் பேரம் பேசாமல் கட்டினார்கள். இதன் மகத்துவத்தைக் குறைக்க யாராலும் முடியாது. ஆனால் இந்த மகத்துவமே ஒரு காரியம் செய்துவிட்டது. எழுபது சாவுகளின் வெளிச்சத்தில் முதல் சாவு கண்ணில் படாமல் போயிற்று. சபை விசாரித்தது அவள் மனைவியா பேயா என்பதை. அவளைக் கொன்றது யார் என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை. பின்னால் வந்த பாஷையும் சபையின் பக்கமே சேர்ந்துகொண்டது. பொய்யழுகைக்கு நாம் வைத்த பெயர் நீலிக்கண்ணீர். குழந்தை பொய், சரி. கொல்லப்பட்டவளின் கண்ணீர் எப்படிப் பொய்யாகும்?

தமிழ் சினிமா வேறு வழியில் வழக்கைத் தள்ளுபடி செய்கிறது. 'யார் நீ?' (1966) படத்தில் பேய் கடைசியில் இரட்டைச் சகோதரி. 'சந்திரமுகி'யில் (2005) மனநோய். 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) மாதிரி, செத்தவர்களின் பாக்கியைப் பாக்கியாகவே எடுத்துக்கொண்ட படங்கள் குறைவு. பேய் இல்லை என்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் பேய் இல்லை என்று நிரூபித்ததும் புகாரும் இல்லையென்று ஆகிவிடுகிறதே, அதுதான் உறுத்துகிறது. 'டிபுக்' நம்மை ஆவியை நம்பச் சொல்லவில்லை. வாக்கை நம்பச் சொல்கிறது. படம் வந்து இரண்டே வருஷத்தில் யுத்தம். அதைப் பார்த்துப் பழகிய ஜனங்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். இன்று அந்தச் சபைக் காட்சியைப் பார்க்கும்போது, வாதியின் இடத்தில் ஒரே ஒரு தகப்பன் நிற்பதாக நினைக்க முடியவில்லை.

உயிரோடிருந்தபோது கேட்கப்படாத சொல், செத்த பிறகு பேய் வேஷம் போட்டுக்கொண்டு சபைக்கு வருகிறது. வேஷத்தைக் கலைப்பது சுலபம். சொல்லைக் கேட்பது சபையின் வேலை.