ரொக்கத்தின் நியாயம்

ஒரு ரூபாய் நோட்டு நீங்கலாக, இந்திய நாணய நோட்டு ஒவ்வொன்றிலும் ரிசர்வ் வங்கியின் கவர்னர் ஒரு வாக்குறுதியளித்துக் கையொப்பமிட்டிருக்கிறார். நோட்டை வைத்திருப்பவருக்கு அதில் கண்ட தொகையைத் தருவதாக அவர் சொல்லுகிறாரேயன்றி, வைத்திருப்பவர் யார், எங்கிருந்து பெற்றார், எதற்காகச் செலவிடப் போகிறார் என்று அந்த வாக்குறுதி விசாரிப்பதில்லை. 'கையிலே காசு, வாயிலே தோசை' என்று ஜனங்கள் சொல்லும் பழமொழியிலும் ஏறக்குறைய இதே தத்துவந்தான் அடங்கியிருக்கிறது: காசு கைமாறிய கணத்தில் விவகாரம் முடிந்தது, சுட்டவருக்கும் தின்றவருக்கும் இடையே பிற்பாடு கணக்கில்லை, சாட்சியில்லை, ஒருவர் பெயரை மற்றவர் அறிய வேண்டிய அவசியமும் இல்லை. பெயர் கேட்காத இந்தக் குணமே ரொக்கத்தின் சௌகரியம். அதன்மேல் சர்க்காருக்கு எழுந்த சந்தேகத்துக்கும் அதுவே மூலகாரணம்.

அந்தச் சந்தேகம் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி சட்டவடிவம் பெற்று அமலுக்கு வந்தது. அவ்வாண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்துக்குள் புகுத்திய 269எஸ்டி என்னும் பிரிவு, ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே பேரத்துக்காகவோ, ஒரே நிகழ்ச்சியை முன்னிட்டோ 2 லட்சம் ரூபாயையோ அதற்கு மேற்பட்ட தொகையையோ ரொக்கமாக வாங்கலாகாது என்று விதித்தது. மண்டபத்து வாடகையை இன்றும், சமையல் செலவை நாளையும், அலங்காரச் செலவை மறுவாரமுமாகப் பிரித்து ஒருவரிடமே கொடுத்தாலும், கல்யாணம் ஒன்றாக இருப்பதால் தொகையும் ஒன்றாகவே எண்ணப்படும். அபராதம் கொடுத்தவர் தலையில் விழுவதில்லை, வாங்கியவர் தலையில்தான் விழும். வாங்கிய தொகை எவ்வளவோ அபராதமும் அவ்வளவு. வாங்கியவர் அந்த வருமானத்தை ஒளிவின்றிக் கணக்கில் காட்டி வரி செலுத்தியிருந்தாலும், தக்க காரணம் காட்டினாலொழிய, அது மட்டும் அவரைக் காப்பாற்றாது. நேர்மையாக ஈட்டி, வரியும் கட்டி, பெட்டியில் பத்திரப்படுத்திய பணத்தை எந்த உருவத்தில் கொடுப்பது, எந்த உருவத்தில் வாங்குவது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் பிரஜைக்கு உண்டா, பொதுநன்மையின் பெயரால் அதைச் சுருக்குவது தர்மமா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

சுதந்திரத்தின் பக்கம் நின்று வாதிப்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு மனிதரிடமிருந்து இந்த விசாரணையைத் தொடங்குவது நல்லது. மாதச் சம்பளம் கைக்கு வருமுன்பே வரி பிடித்துக்கொள்ளப்படும் குமாஸ்தா ஒருவர் நகரத்தின் ஓரத்தில் அரைக் கிரவுண்டு மனை வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தரகர் அவரிடம் கேட்கும் முதற் கேள்வி மனையின் அளவைப் பற்றியதன்று. வெள்ளை எவ்வளவு, கருப்பு எவ்வளவு என்பதுதான். பத்திரத்தில் ஒரு விலையும் பையில் வேறொரு விலையுமாக நடக்கும் அந்த வியாபாரத்தில், கருப்பு என்று சொல்லிக்கொள்ள ஒரு காசும் இல்லாத அந்த மனிதர், நேர்மையாக இருக்கும் குற்றத்துக்காகவே வெளியே நிறுத்தப்படுகிறார். அவர் விட்டுச்சென்ற மனையைப் பை நிறையப் பணம் கொண்டுவந்தவர் வாங்கிக்கொள்ள, சர்க்காருக்குச் சேரவேண்டிய முத்திரைத் தீர்வையும் வரியும் குறைந்து, குறைந்த அந்தத் தொகை ஏதோ ஒரு ரூபத்தில் மறுபடியும் குமாஸ்தாவின் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படுகிறது. ரொக்கத்தின் ரகசியம் கொடுத்தவரையும் வாங்கியவரையும் மட்டும் பொறுத்த சொந்த விஷயம் என்ற வாதம் இந்த மனிதர் எதிரில் நிற்காது. இருவர் காக்கும் ரகசியத்துக்கு மூன்றாமவர் விலை கொடுக்கிறார்.

இந்த அளவில் சட்டத்தின் நோக்கம் நியாயமானதே என்று ஒப்புக்கொள்வதில் தயக்கம் வேண்டியதில்லை. இது புதிதாக முளைத்த நோக்கமும் அன்று. வருமான வரி அதிகாரிகள் சோதனையிட்டுக் கட்டுக்கட்டாகப் பணம் எடுக்கும்போதெல்லாம், மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கியது, சித்தப்பா கடனாகத் தந்தது என்று சொல்லி, அதற்கு அவசரமாக எழுதிய கடிதங்களையும் நீட்டும் வழக்கம் வேரூன்றியிருந்ததனால், கடனையும் வைப்பையும் ஒரு வரம்புக்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாதென்று 1984லேயே விதி செய்யப்பட்டது. 2002இல் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு முரணானதல்ல என்று தீர்ப்பளித்தது. மனை விற்பனையின் முன்பணமும் 2015இல் அந்த 20,000 ரூபாய் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது. அப்படியும், பெங்களூர் நிலம் ஒன்றுக்காக 75 லட்சம் ரூபாயை ரொக்கமாக முன்பணம் தந்ததாகச் சொல்லி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றதும், இத்தகைய பணவிவகாரம் எந்த வழக்கில் தென்பட்டாலும் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2025 ஏப்ரலில் அந்நீதிமன்றம் உத்தரவிட்டதும், விதிக்கும் வழக்கத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைக் காட்டும்.

ஆயினும் நோக்கம் நியாயமாக இருந்துவிட்டதனால் மட்டும் ஒரு விதி தர்மமாகிவிடாது. அது எவரை எந்த நிலையில் வந்து தொடுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். 2021இல் கொள்ளைநோயின் இரண்டாம் அலை வீசிய நாட்களில், மூச்சுத் திணறும் தகப்பனாரைப் படுக்கை கிடைத்த ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, நகையை அடகு வைத்தும் உறவினரிடம் கேட்டு வாங்கியும் திரட்டிய நோட்டுக் கட்டுகளோடு கவுண்டரில் நிற்பவருக்கு, பணம் இருக்கிறது, ஆனால் இந்த உருவத்தில் வாங்கமுடியாது என்று சொல்லவேண்டிய நிலை உண்டாயிற்று. மே 7ஆம் தேதி மத்திய அரசு விதியைத் தளர்த்தி, அந்நோய்க்குச் சிகிச்சையளிக்கும் ஆஸ்பத்திரிகள் 2 லட்சத்துக்கு மேலும் ரொக்கமாக வாங்கலாம் என்றது; நோயாளி, பணம் கட்டுபவர் இருவரின் பான் அல்லது ஆதார் எண்ணையும், அவர்களுக்குள் என்ன உறவு என்பதையும் எழுதி வாங்கவேண்டும் என்பது நிபந்தனை. சலுகைக்கு முடிவு மே 31.

அந்த அறிவிப்பைச் சர்க்காரின் கருணை என்று புகழ்ந்துவிட்டுப் போகலாம். ஆனால் அதற்குள் ஓர் ஒப்புதல் அடங்கியிருக்கிறது. பெரிய தொகையை ரொக்கமாகக் கொண்டுவருபவர் எல்லாரும் கள்ளர் அல்லர், அவசரமும் அறியாமையும் வங்கியின் தொலைவும்கூட ஒருவரை நோட்டுக் கட்டோடு நிறுத்தக்கூடும் என்பதே அது. வணிகர்கள் ரொக்கமாகச் செய்யும் செலவுக்கு நாளொன்றுக்கு, ஒருவருக்கு 10,000 ரூபாய் என்று வரம்பு கட்டும் வேறொரு பிரிவு, வங்கியே இல்லாத ஊரில் கொடுத்ததற்கும் விளைபொருளுக்காக விவசாயியிடம் கொடுத்ததற்கும் விலக்களிப்பதில் இதே ஒப்புதல் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கிறது. வயலுக்குப் பொருந்தும் நியாயம் நோய்ப்படுக்கைக்கும் பொருந்துமென்று கண்டுகொள்ள ஒரு கொள்ளைநோய் வரவேண்டியிருந்தது. கண்டுகொண்டதும் ஒரு மாதத்துக்குள் மறந்துபோயிற்று.

இதனினும் பெரிய முறைகேடு வேறிடத்தில் இருக்கிறது. பிரஜையின் ரொக்கத்துக்கு எல்லை கட்டிய அதே 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டந்தான், அரசியல் கட்சிகளுக்கு நன்கொடையளிக்கத் தேர்தல் பத்திரம் என்ற ஒன்றுக்கும் வழி திறந்தது. கட்சிகள் ரொக்கமாக வாங்கும் நன்கொடைக்கு 2,000 ரூபாய் என்று வரம்பு விதித்ததைக் காட்டி இதைத் தூய்மை என்று சொன்னார்கள். பத்திரமோ, ரூபாய் நோட்டைப் போலவே, வைத்திருப்பவருக்குப் பணம் தரும் வாக்குறுதிச் சீட்டு. மேலே பெயர் இராது. 1,000 ரூபாயிலிருந்து 1 கோடி ரூபாய் வரை ஒரே சீட்டில் கிடைக்கும். வாங்கியவர் யார் என்பது அதை விற்ற ஸ்டேட் வங்கிக்குத் தெரியும், வாக்காளருக்குத் தெரியாது. கல்யாணச் செலவுக்கு 2 லட்சம் கைமாறினால் நாட்டுக்குக் கேடு என்று கருதிய மூளையே, கொடுப்பவர் பெயரை நாட்டார் அறியாமல் கட்சிக்கு ஒரு கோடி கைமாறுவது ஜனநாயகத்துக்கு நன்மை என்றும் கருதிற்று! 2024 பிப்ரவரி 15ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமுகமாக அந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள்.

ரொக்க வரம்பின் அறத்தை எடைபோடுகையில் இந்த ஒரு விஷயமே மற்றெல்லாவற்றையும்விடக் கனமானது என்று தோன்றுகிறது. உன் பெட்டியைத் திறந்து காட்டு என்று கேட்கும் உரிமை சர்க்காருக்கு வருவது, பொதுப்பணத்தைக் காப்பவர் என்ற முறையிலேதான். அந்தக் காவலர்கள் தங்கள் பெட்டிக்கு மட்டும் திரை போட்டுக்கொள்ளும்போது, அவர்கள் கேட்பது கணக்கா அல்லது பணிவா என்ற ஐயம் எழுவதை எப்படித் தடுக்கமுடியும்?

காட்டியவர்களின் கதி என்ன என்பதையும் ஜனங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மோசடிக்காரர் ஒருவரின் பணத்தில் சில நூறு ரூபாய் எங்கெங்கோ சுற்றித் தன் கணக்கில் வந்து விழுந்த காரணத்தால், வேறு மாநிலப் போலீஸாரின் கடிதம் ஒன்றினால் முழுக் கணக்கும் முடக்கப்பட்டுத் தவித்த சிறுவியாபாரிகளின் செய்தி 2023இல் கேரளத்திலிருந்து வந்தது. கைபேசியில் பணம் வாங்கியதைத் தவிர அவர்கள் செய்தது ஒன்றுமில்லை. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யூபிஐ வரவுகளைக் கூட்டிப் பார்த்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, பெங்களூர்க் கடைகளில் ஒட்டியிருந்த கியூஆர் சதுரங்கள் கிழிக்கப்பட்டு, ரொக்கம் மட்டும் என்ற அட்டைகள் தொங்கின. வரியே இல்லாத பாலும் காய்கறியும் விற்றவர்களுக்கும் நோட்டீஸ் போயிருந்தது. பழைய பாக்கியை வசூலிப்பதில்லை என்று அரசு பின்னர் இறங்கிவந்தது. கணக்குக் காட்டாமல் இருந்துவிட்ட பெரிய கடைக்காரர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். ஆனால் வெளிச்சத்துக்கு வரச்சொல்லி அழைத்தவர் கையில் தடி இருந்தால், வந்தவர் மறுபடி நிழலுக்கு ஓடுவதைக் கள்ளத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

வரம்பு எவ்வளவு என்பதில் உலகத்துக்கு ஒரு மனது இல்லை. பிரான்ஸ் 2015இல் 3,000 யூரோவிலிருந்து 1,000க்கு இறக்கியது. இத்தாலியில் ஒரு காலத்தில் 1,000 ஆக இருந்தது 2023 முதல் 5,000 ஆயிற்று. ஐரோப்பிய யூனியன் முழுவதற்கும் 10,000 என்ற பொது உச்சவரம்பு 2027 ஜூலையில் அமலுக்கு வர இருக்கிறது, அதிலும் வியாபார சம்பந்தமில்லாமல் தனிமனிதர் இருவர் தமக்குள் செய்துகொள்ளும் விவகாரத்துக்கு விலக்கு உண்டு. இந்தியாவிலேயே பட்ஜெட்டில் 3 லட்சம் என்று சொன்னது மசோதா நிறைவேறுமுன் 2 லட்சமாகிவிட்டது. இப்படி ஆட்சிக்கு ஆட்சி ஏறியிறங்கும் எண்ணை அறத்தின் எல்லைக்கோடாக எவரும் மயங்கவேண்டாம். அது ஒரு நிர்வாக ஏற்பாடு, அவ்வளவே. இன்று நியாயமாக இருப்பது நாளை சில ஆயிரங்களுக்கு இறங்கிவிட்டால் நியாயமாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2 லட்சத்து விதியை ஆதரிப்பவர்கள், அது இறங்காமலிருக்கக் காவல் நிற்கும் கடமையையும் சேர்த்தே ஏற்கிறார்கள்.

இறங்கினால் யாரைத் தொடும் என்பதற்கு நம்முடைய வீடுகளிலேயே சாட்சி இருக்கிறது. சிறுவாடு என்று ஒரு சொல் தமிழில் உண்டு. மளிகைச் செலவில் மிச்சம் பிடித்தும், முருங்கைக்காயும் மோரும் விற்றும், அண்ணன் தம்பிமார் தீபாவளிக்குக் கொடுத்ததைச் செலவழிக்காமலும், அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் சேர்த்துவைக்கும் பணத்துக்கு அப்படிப் பெயர். ரகசியம் என்றாலே குற்றம் என்று கொண்டால் இதுவும் குற்றமே. ஆனால் இந்த ரகசியத்துக்கு மூன்றாமவர் எவரும் விலை கொடுப்பதில்லை. குடிக்கிற புருஷன் வீட்டில் குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளம் பலமுறை கட்டப்பட்டது இதிலிருந்துதான். வங்கியில் போட்டு வைக்கலாமே என்பவர்கள், அந்தக் கணக்கோடு இணைத்த கைபேசி யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று யோசிப்பதில்லை.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் ஏறக்குறைய 86 சதவீதம் ஒரே நொடியில் காகிதமாயிற்று. கருப்புப் பணக்காரர்கள் அழித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்த அந்த நோட்டுகளில் 99.3 சதவீதம் வங்கிக்குத் திரும்பிவந்துவிட்டதை ரிசர்வ் வங்கியே பிற்பாடு தெரிவித்தது. அந்த நாட்களில் சர்க்கார் ஒரு தாட்சண்யம் காட்டிற்று: 2.5 லட்சம் ரூபாய் வரை கணக்கில் போடும் குடும்பப் பெண்களை வரித் துறை ஒன்றும் கேட்காது என்று அறிவித்தது. அந்த வாக்கை நம்பிச் சிறுவாட்டு நோட்டுகளைச் சம்படத்திலிருந்து எடுத்த பெண்கள், அவற்றை மாற்றிக்கொள்ள வரிசையில் நிற்பதற்கு வேறு வழியின்றிப் புருஷனிடமோ மகனிடமோ கொடுக்கவேண்டியிருந்தது. ஏது இவ்வளவு பணம் என்று சர்க்கார் கேட்கவில்லை, வீட்டில் கேட்டார்கள்.