கோடு தடமாகும் வரை

ஒரு வட்டாரத்தின் போக்குவரத்துக்காக இருபது, முப்பது ஆண்டுகளை முன்னோக்கித் திட்டம் தீட்டும்போது, தீட்டுவது ஒரு வேலை, நிறைவேற்றுவது அதன் பின்னால் வரும் இன்னொரு வேலை என்று பிரித்துப் பேசுவது வழக்கம். அந்தப் பிரிவினை முழுதும் சரியன்று. வரைபடத்தில் கோடு விழும் அதே நாளில் நிறைவேற்றமும் தொடங்கிவிடுகிறது, அல்லது தவறிவிடுகிறது. இதைப் படிப்படியாகப் பார்ப்பதற்கு ஆகுர்டி ஏற்ற இடம்.

ஆகுர்டி புனேக்கு வடமேற்கே, பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் இருக்கிறது. பஜாஜ் ஆட்டோ ஆலையால் பலருக்குப் பரிச்சயமான பெயர். 2015இல் அமைந்த புனே பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையத்தின் தலைமையகமும் இங்கே, ரயில் நிலையத்துக்கு அருகில்தான். ஆக, வட்டாரத் திட்டம் எழுதப்படும் மேசையும் அத்திட்டம் சென்று சேர வேண்டிய தெருவும் ஒரே ஊரில் உள்ளன.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். வரைபடத்தில் ஒரு சாலையைக் காட்டினால், அக்கோட்டுக்கு அடியில் கிடக்கும் மனைகள் ‘ஒதுக்கீடு’ ஆகின்றன. ஒதுக்கியது அரசு, உரிமை இன்னும் பழையவரிடமே. இந்த இடைநிலை என்றென்றும் நீடிக்கச் சட்டம் விடுவதில்லை. 1966ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வட்டார, நகர்த் திட்டச் சட்டம் 127ஆம் பிரிவில் ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறது. இறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்து 10 ஆண்டுகளுக்குள் நிலம் கையகப்படுத்தப்படாவிட்டால், உரிமையாளர் அறிவிப்புக் கொடுக்கலாம். அதன்பின் உரிய காலத்துக்குள் (2015இன் திருத்தப்படி 24 மாதம்) நடவடிக்கை எடுக்கப்படவில்லையென்றால் ஒதுக்கீடு காலாவதியாகும். பணமாக இழப்பீடு தர முடியாதபோது, வேறோரிடத்தில் கூடுதலாகக் கட்டிக்கொள்ளும் உரிமையை, பேச்சுவழக்கில் டி.டி.ஆர். எனப்படுவதை, உரிமையாளர் ஏற்கலாம். அவர் ஏற்பாரா என்பது அன்றைய மனைச் சந்தையைப் பொறுத்தது. முப்பதாண்டுத் திட்டத்தின் விதி இப்படி ஒரு தனிமனிதரின் கணக்கில் வந்து நிற்கிறது. இதில் குற்றம் காண ஏதுமில்லை. அவருடைய நிலம் அது.

இந்த இடத்தில் ஆகுர்டியின் பழைய வரலாறு உதவும். 1972இல் பிம்ப்ரி–சிஞ்ச்வட் புதுநகர வளர்ச்சி ஆணையம் பிறந்தது. ஊர்க்காரர்களுக்கு அது ‘பிராதிகரண்’. நிக்டி, ஆகுர்டி, சிஞ்ச்வட் பக்கத்து விவசாய நிலங்களைக் கையகப்படுத்தி, செக்டர்களாகப் பிரித்து, சாலைக்கும் திறந்தவெளிக்கும் முன்கூட்டியே இடம் விட்டது. இன்று நிக்டிப் பிராதிகரணில் நடப்பவர் காணும் ஒழுங்கான அகலத் தெருக்கள், வீடுகள் வருமுன்னே நிலம் ஒரு கையில் இருந்ததன் பயன். அதற்கு விலையும் உண்டு. நிலம் கொடுத்தவர்கள் 12.5 சதவீத மனையைத் திரும்பக் கேட்ட கோரிக்கை பல பத்தாண்டுகள் இழுபட்டது. தெருவைப் புகழ்கிறவர்கள் அந்த இழுபறியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பிராதிகரண் 2021இல் கலைக்கப்பட்டு, பெருநகர ஆணையத்தோடு இணைக்கப்பட்டது.

நிலம் கையில் இல்லாதபோது என்ன ஆகும்? புனேயின் 1987 வளர்ச்சித் திட்டத்தில் நகரைச் சுற்றிவரும் ஒரு பெருந்திறன் போக்குவரத்துத் தடம் குறிக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது கோடாகவே இருக்கிறது. சென்னை வாசகருக்கு இன்னும் நெருக்கமான சான்று ஆதம்பாக்கம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் நீட்டிப்பு 2008இல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நிலத் தகராறு, மீதி நாலரை கிலோமீட்டர் கான்கிரீட்டைப் பத்தாண்டுக்கும் மேலாகப் பயனற்றதாக்கி வைத்தது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் மற்றக் கண்ணிகளின் உறுதியால் என்ன பயன்?

நிதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், அது பெரும்பாலும் வரிசையின் கேள்வி என்பதால். 2016 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற புனே மெட்ரோவின் முதல் வழித்தடம் பிம்ப்ரியில் மாநகராட்சி அலுவலகத்தோடு நின்றது. ஆகுர்டியும் நிக்டியும் வெளியே. 2022 மார்ச் 6 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. நிக்டி வரை நீட்டிக்க 2023 அக்டோபரில்தான் மத்திய அரசு இசைந்தது; மதிப்பீடு சுமார் 910 கோடி ரூபாய், நீளம் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். 2024 மார்ச்சில் அடிக்கல். முதல் ஒப்புதலுக்கும் இந்த அடிக்கல்லுக்கும் இடையே ஏழாண்டு. அதற்குள் ஒரு குடும்பம் இரு சக்கர வண்டி வாங்கி, பிள்ளையின் கல்லூரி வழியையும் அதைக்கொண்டே அமைத்துக்கொண்டுவிடும். பழகிய வழியை மாற்றுவது புதுத்தடம் போடுவதினும் கடினம் என்பதைத் திட்ட அறிக்கைகள் கணக்கில் சேர்ப்பதில்லை.

நிலமும் நிதியும் கூடிவிட்டாலும் தடம் இயங்கிவிடாது. ஆகுர்டி வழியே செல்லும் பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையில் நிக்டி முதல் தாபோடி வரை பேருந்துக்கென்றே தனித்தடம் அமைத்தார்கள். அகலம் இருந்தது, நிதியும் இருந்தது. ஆயினும் பாதுகாப்பைக் குறித்துப் பொதுநல வழக்கு எழுந்து, மும்பை ஐ.ஐ.டி. ஆய்வு செய்து, 2018 ஆகஸ்டில்தான் பேருந்துகள் ஓடத் தொடங்கின. இப்படிப்பட்ட தடத்தில் விடை தேட வேண்டிய கேள்விகள் சிறியவை. நிறுத்தத்தை அடையப் பயணி எந்த வாகன ஓட்டத்தைக் குறுக்கே கடக்கிறார்? தனித்தடத்துக்குள் பேருந்து திரும்பும் வாயிலில் ஸ்கூட்டர்காரர் எங்கே ஒதுங்குவார்? உள்ளே நுழையும் காரைத் தடுக்க அங்கே யார் நிற்பார், எத்தனை மணி வரை? அகலத்தைக் காத்த தொலைநோக்கு இக்கேள்விகளுக்கு விடை சொல்லாது. அதற்குத் தினசரிக் கண்காணிப்பு வேண்டும்.

இனி, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது: யாருடைய வேலை எது? ஆகுர்டி ரயில் நிலையம் பிராதிகரண் பக்கம், மத்திய ரயில்வேயின் கையில். புனே–லோணாவ்ளா ‘லோக்கல்’ 1978 முதல் ஓடுகிறது. ஆகுர்டி மெட்ரோ நிலையம் அமைவது நெடுஞ்சாலையில், புனே மெட்ரோவைக் கட்டும் மகாமெட்ரோவின் கையில். இரண்டுக்கும் பெயர் ஒன்று. இடையே நடந்தால் கால்மணி நேரத்துக்கு மேல். அந்த இடைவெளியில் நடைபாதை மாநகராட்சியின் பொறுப்பு. பேருந்து, 2007இல் புனே, பிம்ப்ரி–சிஞ்ச்வட் இரு நிறுவனங்களையும் இணைத்து உருவான பி.எம்.பி.எம்.எல்.லின் பொறுப்பு. சென்னையில் இதேபோன்ற சிதறலைச் சேர்த்துக்கட்ட 2010இலேயே ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையத்துக்குச் சட்டம் செய்தார்கள். முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே செயலியில் சீட்டு 2025 செப்டம்பரில் வந்தது.

ஆகுர்டியில் தேவைப்படும் ஒருங்கிணைப்பின் அளவு மிகச் சிறியது. லோக்கல் வந்து இறங்கும் கூட்டத்துக்காக மெட்ரோ நிலையம் செல்லும் ஒரு பேருந்து ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். லோக்கல் தாமதமானால் அந்தச் செய்தி ரயில்வேயிலிருந்து பேருந்து நிறுவனத்துக்கு உடனே போக வேண்டும். இதற்கு நிலம் எடுக்கத் தேவையில்லை, கோடிகளும் தேவையில்லை. இரு அலுவலகங்கள் தங்கள் நேர அட்டவணைகளை ஒரே மேசையில் விரித்தால் போதும்.